பெலும்

பட்டர்வொர்த்தில் விடியாத ரயில்.
மடியில் கோப்பு, அதன்மேல்
பிரிக்காத நாசி லெமாக் பொட்டலம்.
கோலாலம்பூரில் என்னை அழைத்தது
போலீஸ் இல்லை, கோர்ட்டும் இல்லை.
ஒழுங்கு நடவடிக்கைக் குழு:
வழக்கறிஞர்கள் இருவர்,
வழக்கறிஞர் அல்லாத ஒருவர்.
மருந்தாளராம். எனக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தவர் அவர்தான்.

எதிரே, தன் வழக்கைத் தானே நடத்த,
திரு. ஞானசீலன்.
லெபோ கெரெஜா மாடியில்
பதினொரு வருஷம் என் முதலாளி.
தாடையில் சவரக் கத்தி பட்ட சின்னக் கீறல்.

"சாட்சி, எலிலரசி" என்றார் தலைவர்.
காட்டிக்கொடுக்க வந்தவளுக்குப்
பொருத்தமான பெயர்தான்.
ஞானசீலன் எழுந்தார்:
"எழிலரசி. ழ. தயவுசெய்து."
ஓர் எழுத்து தவறினாலும்
பத்திரத்தைத் திருப்பி அடிக்கச் சொல்பவர்.

ஜெலுத்தோங் விரைவுச்சாலையில்
மேடம் கோவின் மகனுக்குப் போனது
முழங்காலுக்குக் கீழே இடது கால்.
காப்புறுதி கொடுத்தது
எழுபத்தெட்டாயிரத்து நானூறு ரிங்கிட்.
மார்ச் ஒன்பது, வாடிக்கையாளர் கணக்கில்
போட்டவள் நான்.
பேரேட்டின் ஓரத்தில்
பச்சை மையில் என் சுருக்கொப்பம்.

"இது உங்களுடையதா?"
ஆம்.
"இதுவும்?"
ஆம்.
பதினேழு தாள்கள். பதினேழு ஆம்.

அதுவரை சுலபம்.

மலாயில் ஒரு சொல் உண்டு, பெலும்.
இல்லை என்றால் கதவு மூடிவிடும்.
பெலும் என்றால்
கதவு ஒருக்களித்தே இருக்கும்,
உள்ளே யாரோ செருப்புத் தேடுவதுபோல.
திங்கட்கிழமைகளில் மேடம் கோ கூப்பிடுவார்.
"பெலும் லாகி, ஆண்டி. செக் பெலும் கிளியர்."
பதினான்கு மாதம்.
ஒருமுறை குரல் தழுதழுக்கவும் செய்தேன்,
நம்பட்டும் என்று.

குறுக்கு விசாரணைக்கு அவரிடம் இருந்தது
ஒரே கேள்வி.
"பதினொரு வருஷத்தில் உங்கள் சம்பளம்
ஒரு நாளாவது தாமதமானதுண்டா?"

இல்லை.

நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கியவர்போல
உட்கார்ந்தார்.
மருந்தாளர் பேனாவை மூடினார்.
மூடியின் அந்தச் சத்தத்தில்தான்
எனக்குக் கணக்கு ஓடத் தொடங்கியது.

மார்ச் இருபத்தாறு:
அலுவலகக் கணக்கில்
இருநூற்றுப் பன்னிரண்டு ரிங்கிட், அறுபது சென்.
மார்ச் இருபத்தேழு:
அந்தக் கணக்கிலிருந்து இந்தக் கணக்குக்கு மாற்றல்.
மார்ச் இருபத்தெட்டு: சம்பளம்.
மூன்று வரியும் என் கையெழுத்து, ஒரே பச்சை மை.
ஏப்ரலும் அப்படித்தான். மேயும்.
பாதத்தில் மகளுக்கு மூக்குக்கண்ணாடி.
கெண்டைச் சதையில் சலவை எந்திரம்.
முழங்கால் வரை ஏறியதும்
தீபாவளி போனஸ்.

யாரும் அதைக் கேட்கவில்லை.
கேட்காததற்குச் சாட்சி பதில் சொல்லக் கூடாது,
வாசலில் நிறுத்தி எல்லோருக்கும்
அவரே சொல்லிக்கொடுத்த பாடம்.
"நீங்கள் போகலாம்" என்றார்கள்.
எழிலரசி என்று சரியாகவே சொன்னார்கள்.

பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியதாக
எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது.
அடித்த அந்தக் கோட்டிலிருந்து
பணம் சொட்டுவதில்லை.
அதற்கு வேறு படிவம், வேறு வரிசை,
வேறு யாரோ ஒரு குமாஸ்தா.

படிவத்தை நிரப்பித் தரலாம் என்றுதான்
நேற்று மேடம் கோவைக் கூப்பிட்டேன்.
என் சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்,
ஒத்திகைகூடப் பார்த்திருந்தேன்.
மூன்றாவது மணியில் எடுத்தார்.
பின்னால் மகன் நடக்கிறான்போல,
தரையில் ஒன்று மெத்தென்று,
ஒன்று டக்கென்று.

"யார்?" என்றார்.
நாள் திங்கள்.
நாக்கு என்னைக் கேட்கவில்லை.
"ஆண்டி," என்றேன், "பெலும்"