பிரகாசபுரத்தில் பீச் நைட்

சனிக்கிழமை பீச் நைட் என்று
ஏழு ரோடு முக்கில் பேனர் கட்டியது நான்தான்.
தென்னை மரம், நீல அலை,
கூலிங்கிளாஸ் போட்ட ஒரு நண்டு.
கீழே பொடி எழுத்தில்:
கேம்ப் ஃபயர் இலவசம், ஸ்வெட்டர் அவரவர் பொறுப்பு.

கடல் வேண்டும் என்றார் மேனேஜர் டென்சில்.
ஏழாயிரம் அடிக்கு மேல் கடலுக்கு எங்கே போக?
வத்தலக்குண்டிலிருந்து அரை லோடு மணல்
டம்டம் பாறை தாண்டி
பெருமாள்மலையில் டீ குடித்து ஏறி வந்தது.
ஏரிக்கரைக் கடையில் சிப்பித் தோரணம் ஒன்றை
பேரம் பேசி நானூற்றைம்பதுக்கு வாங்கி
நைலான் நூலை அறுத்து
மணலில் தூவினேன், விதைப்பதுபோல.
அலைக்கு ஸ்பீக்கர்.
பத்து மணி நேர அலைச்சத்தம், நடுவில் விளம்பரம் இல்லாமல்.

பகலெல்லாம் ஊர் தன்பாட்டுக்கு வியாபாரம் பார்த்தது.
ஏரியைச் சுற்றி வாடகைச் சைக்கிள் மணி.
ஐந்து மணிக்கே இறங்கிவிட்ட பனியில்
மிளகாய் பஜ்ஜியின் ஆவி.
மலைப்பூண்டை முகர்ந்து முகர்ந்து
திரும்ப வைக்கும் மதுரைக்காரர்கள்.
ஹோம்மேட் என்று எழுதிய சாக்லேட்
யார் வீட்டில் செய்ததென்று யாரும் கேட்பதில்லை.
காதர் மைதீனின் குதிரை சுல்தான்
இருநூறாவது செல்ஃபிக்கும்
அதே முகத்தைக் கொடுத்தது.

வேன் வந்தது ராத்திரி எட்டுக்கு.
பதினான்கு பேர். பாம்பன்.
மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில்.
சீட்டுப் பணம் விழுந்திருக்கிறது,
வந்துவிட்டார்கள்.

சூசை என்பவர் வாசலில் நின்று
நண்டைப் பார்த்தார்.
மணலைப் பார்த்தார்.
ஸ்பீக்கரிலிருந்து ஓர் அலை வந்து உடைந்தது.
"ஏ லிடியா, இதுக்கா
வழியெல்லாம் வாந்தி எடுத்து வந்தோம்?"

சிரிப்பு ஓய வெகுநேரம் ஆனது.
ஒரு பையன் மணலை நாக்கில் வைத்து
உப்பில்லை என்று அறிவித்தான்.
"எம்-சாண்டுடா, துப்பு" என்றார்
கொத்து வேலைக்கும் போகிற சித்தப்பா.
டென்சில் டிஜே பக்கம் நழுவிவிட்டார்.

லிடியா மட்டும் நெருப்போரம் குனிந்து
சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை.
போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"ஓரம் உடையாம போட்டிருக்கு பாருங்க.
அக்காள்மடத்துல நாங்க போடுறதாட்டமே இருக்கு."
நூறு ஓட்டைக்குப் பன்னிரண்டு ரூபாயாம்.
ஊசி ஒடிந்தால் அதிலும் பிடித்தம்.
"தோரணம் இங்க என்ன வெல?"

நூற்றைம்பது என்றேன்.
ஏன் குறைத்துச் சொன்னேன், தெரியவில்லை.
அதற்கே அவள் நெருப்பைப் பார்த்தபடி
மனதுக்குள் வகுத்துக்கொண்டிருந்தாள்,
உதடு அசைந்தது.
பிறகு, "அந்த அலைய நிறுத்துங்களேன்" என்றாள்.
"ராத்திரி இந்தச் சத்தம் கேட்டா
போன ஆளு திரும்பலையோன்னு
முழிப்பு வந்துரும்."

நிறுத்தினேன்.
பைன் மரங்களில் காற்று
கிட்டத்தட்ட அதே சத்தம் போட்டது.
அதற்கு எங்கே சுவிட்ச்?

பத்து மணிக்கு மேல் பாட்டுக்கு அனுமதியில்லை.
பத்தேகாலுக்கு போலீஸ் ஜீப்
மெதுவாகக் கடந்து போனது.
பதினான்கு பேரும் போர்வைக்குள் இருந்து
சுட்ட சோளம் கடித்தபடி
வெகுநேரம் குளிரைத் திட்டினார்கள்,
ஆசை தீர.

காலையில் வேனில் ஏறியவை:
பூண்டு மூன்று கிலோ, தைலம் ஆறு பாட்டில்,
ஆளுக்கொரு குரங்குக் குல்லா.
புகை அடங்கிய பின் கூட்டினேன்.
சிப்பி ஒன்றுகூட இல்லை.

வரும் சனிக்கிழமை ராஜஸ்தான் நைட்டாம்.
மணல் அதே மணல் போதும் என்கிறார் டென்சில்.
ஒட்டகத்துக்கு சுல்தானைக் கேட்டுப் பார் என்கிறார்.
காதர் மைதீன் ஒத்துக்கொள்வார்.
சுல்தானிடம் எப்படிச் சொல்வது?