லாக்செல்வில் நாற்பத்தொரு நிமிடம்

இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை
தானா பாலத்திலிருந்து நான் கிளம்புகிறேன்,
ஆல்தாவிலிருந்து தோர்கெய்ர்.
பையனைக் கைமாற்ற
நடுவில் ஓர் இடம் வேண்டும் என்றது ஒப்பந்தம்.
வழக்கறிஞர்கள் நடுவைக் கிலோமீட்டரில் தேடினார்கள்.
பேட்டரியின் கணக்கில் நடு என்பது
லாக்செல்வ் கூட்டுறவுக் கடையின் பின்புறம்.
நான்கு சார்ஜர். அதில் ஒன்று எப்போதும் பழுது.

வியாழன் இரவே உட்கார்ந்துவிடுவேன்.
கோடையில் நானூற்றைம்பது ஓடும் வண்டி
மைனஸ் இருபத்தேழில் முந்நூறுதான்.
போகவேண்டியது இருநூற்றுப் பத்து.
இஃப்யோர்ட் மலையில் எதிர்காற்று: பத்து சதவீதம் கழி.
பனி தள்ளும் வண்டி வந்து வழிகாட்டும்வரை
தடுப்புக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும்,
உள்ளே சூடு ஓட வேண்டும்: அதற்கு ஐந்து.
மிச்சம் பதினைந்து, கைக்காவலுக்கு.
கட்டுச்சோற்றைப் பங்கு பிரிப்பவள் மாதிரி
தூங்காமல் பிரித்துக்கொண்டிருப்பேன்.

ஆய்லு பின்னிருக்கையில்
நோட்டில் குறித்துக்கொண்டே வருவான்:
புறப்பாடு 100. தடுப்பு 76. பொர்செல்வ் 31.
பதினோரு வயதுக்கு
எண்களை அவ்வளவு நேராக எழுத வேண்டியதில்லை.

போய்ச் சேருமுன்பே
வண்டி தன் பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும்.
அப்படிச் சூடாகிவிட்டால்
மின்சாரம் மளமளவென்று ஏறும்,
இருபத்திரண்டு நிமிடத்தில் வேலை முடியும்.
இருபத்திரண்டு நிமிடத்துக்கு
ஒரு பை, ஒரு ஜோடி சறுக்குக் கட்டை,
இருமல் மருந்து, "கணக்குப் பாடம் பாக்கி."
கார்க்கண்ணாடியைப் பாதி இறக்கினால் போதும்.

ஜனவரியில் அது நாற்பத்தொன்றாயிற்று.
நூற்றைம்பது கிலோவாட் தரவேண்டிய கம்பம்
முப்பத்தொன்றைச் சொட்டியது.
கம்பத்தைத் திட்டினேன். குளிரைத் திட்டினேன்.
அத்தனை நேரம் காரில் உறைய முடியாது,
ஆகவே கடைக்குள் ஜன்னலோர மேசை, மூன்று நாற்காலி.
தோர்கெய்ர் வாஃபிள் வாங்கி வந்தான்.
எனக்கு மட்டும் ஜாம் இல்லாமல், பழுப்புச் சீஸ் வைத்து.
கேட்கவில்லை.

அடுத்த முறை நாற்பத்தாறு.
கூரை ஒழுகுவதைச் சொன்னான்.
அவன் வீட்டு வாசலில் இப்போது
வேறொருத்தியின் காலணிகளும் இருக்கின்றன,
அவற்றையும் சொன்னான்.
நான் மதகுப் பக்கம் கார் வழுக்கிய கதையைச் சொன்னேன்,
கைகளை ஆட்டி ஆட்டி.
ஆய்லு விக்கல் வரும்வரை சிரித்தான்.

மார்ச்சில் பட்டறைக்கு விட்டேன்.
ஓட்வெய்க், முழங்கைவரை கிரீஸ், சொன்னாள்:
"முன்சூடு நன்றாகத்தான் வேலை செய்கிறது.
யாரோ அணைத்துவிடுகிறார்கள்."

நோட்டை அன்றுதான் திறந்து பார்த்தேன்.
ஒவ்வொரு பொர்செல்வ் பக்கத்திலும் ஒரு சிறு பெருக்கல் குறி.
பொர்செல்வ், நான் கழிவறைக்கு இறங்கும் இடம்.
அதற்கு நேரே, கடைசிப் பத்தியில், நிமிடங்கள்:
41. 46. 52.
ஐம்பத்திரண்டின் அடியில் இரண்டு கோடு.
இன்னொரு வரிசையும் இருந்தது,
மேலே 'அப்பா வண்டி' என்று:
24. 25. 24.

மூன்றாவது எண்ணைப் பார்த்தபடி
சமையலறையில் நின்றேன். கெட்டில் அணைந்தது.
இருபத்து நான்கில் நிரம்பிவிட்ட வண்டியைப்
பச்சை விளக்கோடு வெளியே விட்டுவிட்டு
அவன் இன்னொரு காபி எடுக்கப் போனது
நினைவுக்கு வந்தது.

இதனால் எதுவும் திரும்பி வராது.
வரவும் வேண்டாம்.
ஜூன் வந்தால் பேட்டரி தானே சூடாகிவிடும்,
அப்போது அவன் என்ன கணக்குப் போடுவானோ.

நேற்று, மைனஸ் பத்தொன்பது, பொர்செல்வ்.
எனக்கு அவசியம் எதுவும் இல்லை.
இருந்தும் இறங்கினேன்.
அறிவிப்புப் பலகையில்
தொலைந்த நாய் ஒன்று, விற்பனைக்கு ஒரு படகு,
பழைய பிங்கோ இரவின் தேதி,
எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன்.

திரும்பி வந்தபோது
குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.
"எத்தனை?" என்றேன்.
"முப்பத்தொன்று, அம்மா" என்றான்,
நோட்டை மூடியபடி.