வேலிக்குப் பழைய பெயர்

ஓட்டர்பி கிராமக் கூடம்.
பிப்ரவரி மழை, மாலை ஏழு மணி.
சூடேற மறுக்கும் ரேடியேட்டர்.
தகர டப்பாவில் இஞ்சி பிஸ்கட்;
ஆளுக்கு இரண்டு என்பது
எங்கும் எழுதாத சட்டம்.

நிகழ்ச்சி நிரலில் ஆறாவது, தெருவிளக்கு.
ஏழாவது,
மேட்டுப் புதர்வெளியில் வந்து நிற்கும்
மூன்று கேரவன்கள்.

குறிப்பெழுத உட்கார்ந்திருப்பவள் திர்ஸா குவின்ட்ரெல்.
முப்பது வருடம்
அகராதிகளுக்கு மெய்ப்புத் திருத்தியவள்.
யார் எந்தச் சொல்லை எடுத்தாலும்
அடியில் இன்னொன்று நெளிவது
அவள் கண்ணில் பட்டுவிடும்,
கல்லைப் புரட்டினால் மண்புழு போல.
அது ஒரு வியாதி. மருந்தில்லை.

"ஹீதன்கள்" என்றார் தலைவர் ஆஸ்மண்ட் ஹெப்பில்.
கடவுளை அறியாதவர்கள் என்று திட்டியதாக நினைப்பு.
ஹீத் என்றால் புதர்வெளி.
அங்கே குடியிருப்பவன் என்பதே முதற்பொருள் என்பார் சிலர்;
சிலர் ஒப்ப மாட்டார்கள்.
அந்த வாதம் எப்படியோ போகட்டும்,
இன்றிரவு அந்தச் சொல் அளவெடுத்துத் தைத்த சட்டை.

"வில்லன்கள்!" என்றது பின்வரிசை.
நமக்கு அந்தப் பெயர் கேட்டதும்
சுருட்டும் உருட்டிய விழியும்
திரைக்குப் பின்னால் ஓர் இடிச் சிரிப்பும்.
அவளுக்கோ
பிரபுவின் பண்ணையில் முதுகு வளைந்தவன்,
தன் நிலம் என்று சொல்ல
நகக்கண் மண் மட்டும் உள்ளவன்.

"பூர்" என்றார் இன்னொருவர். முரடனாம்.
உழுது பிழைத்தவன் என்பதைத் தவிர
அவன் மேல் பழைய ஏட்டில் ஒரு புகாரும் இல்லை.
நெய்பர் என்ற சொல்லுக்குள்ளே
வாலைச் சுருட்டிப் படுத்திருப்பதும் அவனே:
அருகில் இருக்கும் பூர்.
தள்ளி நின்றால் முரடன்,
நெருங்கி வந்தால் பக்கத்து வீட்டுக்காரன்.
அவள் பேனா ஒரு கணம் நின்றது. மறுபடி ஓடியது.

"பைலா போடுவோம்" என்றார் ஹெப்பில்,
"வேலியும் போடுவோம்.
இது நம் டவுன்."

பைலாவில் இருக்கும் பி,
ஓட்டர்பியின் வாலில் இருக்கும் பி,
இரண்டும் ஒன்றே.
ஊர் என்று பொருள்.
படகேறி வந்த டேனியர்
யாரையும் கேட்காமல் கரையேறி,
பெயரும் வைத்து, திரும்பிப் போகாமல்
இங்கேயே தாத்தாக்கள் ஆனார்கள்.
ஹெப்பிலின் மூக்குகூட அந்தப் படகில் வந்திருக்கலாம்.

டவுன் இன்னும் வேடிக்கை.
தூன் என்று அதைச் சொன்ன நாளில்
அது வேலி.
பிறகு வேலிக்குள் இருக்கும் தோட்டம்,
தோட்டத்தோடு வீடு,
வீடுகளோடு வம்பு.
மாடு அடைத்த பட்டி
மனிதர் வாழும் பட்டி ஆனதில்லையா, அப்படி.

அப்போது கதவு திறந்தது.
மழையைத் தோளில் சுமந்தபடி
லெமென்டினா லவ்ரிட்ஜ்.
மேட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.
ரப்பர் பூட்ஸ் ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு.

"உங்களில் யாருடைய ஆடுகள்?
காதில் நீல முத்திரை.
பதினோரு பெட்டை, எல்லாம் சினை.
சாலையில் நின்றிருந்தன, லாரி வரும் நேரம்.
மூன்று வண்டியையும் முக்கோணமாக நகர்த்தி
நடுவில் அடைத்து வைத்திருக்கிறோம்.
என் மாமியார் காவல்.
அவளுக்கு ஆடு பிடிக்காது. சீக்கிரம் வாருங்கள்."

நீலம் ஹெப்பிலுடையது.
அறுந்த வேலியும் அவருடையதே.

திர்ஸாவுக்குச் சிரிப்பு வந்தது,
இருமலாக மாற்றிக்கொண்டாள்.
சுற்றி அடைப்பு, உள்ளே உயிர்கள்,
வாசலில் ஒரு கிழவி.
ஆயிரம் வருடத்துக்குப் பிறகு
மேட்டில் ஒரு தூன்.

ஹெப்பில் டார்ச்சைத் தேடினார்.
அது அவர் கையிலேயே இருந்தது.

குறிப்பேட்டில் அவள் எழுதியது:
ஏழாவது, ஒத்திவைப்பு. காரணம், அயலார் வருகை.
அவள் எழுதிய ஆங்கிலச் சொல் வேறு;
எனக்கு இதுதான் கிடைத்தது.
அடுத்த வீட்டாரையும் அப்படித்தான் சொல்கிறோம்,
யாரோ எவரோவையும் அப்படித்தான்.

போகும்போது லெமென்டினா
டப்பாவில் கைவிட்டாள்.
மூன்று பிஸ்கட்.
அது குறிப்பில் ஏறவில்லை.