இரண்டு புள்ளி

பீல் நகரம். பெப்ரவரி. சனிக்கிழமை.
பழம்பொருள் கடையில்
காதுடைந்த சட்டிகளுக்குப் பின்னால் ஒரு பெட்டி.
மூடியில் சிரிக்கிற பையன்,
கையில் புகைவிடும் பேனா.
பன்னிரண்டு பிராங் என்று ஒட்டியிருந்தது.
முனை ஒன்று குறைகிறது என்று சொல்லி
ஒன்பதுக்கு வாங்கினேன்.

இளங்கீரன் பார்த்தார்.
"தையல் மெஷினுக்கு மேலே தூசி.
நீச்சலுக்குக் கட்டின காசு ஏரிக்குள்ளே.
இப்ப நெருப்போ?"
ஒன்பது பிராங் நெருப்பு, என்றேன்.
இந்த ஊரில் அந்தக் காசுக்கு
இரண்டு கோப்பி வரும். கூடவே ஒரு முறைப்பு.

மரத்துக்குக் காசில்லை.
துருக்கிக் கடையின் பின்வாசலில்
மந்தரின் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும்.
ஆணி கழற்றினால் பெட்டிக்கு நாலு தாள்.
தாள் என்றுதான் வாயில் வருகிறது.

அவசரப்பட்டால் பேனா எழுதாது.
அடுத்தது என்ன என்று யோசித்து நின்றால்
நின்ற இடத்தில் கரிக்குழி.
ஊசியிலை மரமோ
ஒரு வரி மெத்தை, ஒரு வரி எலும்பு;
மெத்தையில் அமிழ்ந்து எலும்பில் வழுக்கும்.
பூனை வரைந்தேன்.
கோபித்துக்கொண்ட கேத்தல் வந்தது.
திருப்பிப் போட்டேன்.
மறுபக்கமும் மரம்தானே.

பூச்சு அடித்த ரொட்டிப் பலகையைச் சுட்ட அன்று
தொண்டை எரிந்தது,
கூரையில் இருந்த கருவி குளறியது,
கீழ்வீட்டு பியூலர் மேலே வந்தார்.

ஐந்து வருடமாக எங்களுக்குள் ஒரே பேச்சு:
உடுப்புத் தோய்க்கும் அறையின் சாவி.
புதன் அவருக்கு, வியாழன் எனக்கு,
சாவி எந்நாளும்
வேறு யாருடையவோ காற்சட்டைப் பையில்.

பலகையை முகர்ந்தார்.
பூச்சைச் சுரண்டாமல் சுடக்கூடாது என்றோ
இங்கே சுடவே கூடாது என்றோ சொன்னார்.
அவருடைய ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே இழுப்பு.
நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன்.
ஜன்னலையும் திறந்தேன்.
பனி உள்ளே வந்து கதிரையில் இருந்தது.

பிறகு அந்த யோசனை.
காம்பு வெடித்த மர அகப்பை ஒன்று கிடந்தது,
பீச் மரம், வரி தெரியாத வழுவழுப்பு.
மஞ்சள் கறை போக மூன்று இரவு
அரத்தாளால் தேய்த்தேன்.
அறுகுடியின் பேரையும் சுட்டுச்
சாவியை அதில் கட்டித் தொங்கவிட்டேன்.
இனி எந்தப் பைக்குள்ளும் போகாது.

அன்றிரவே கதவு தட்டுப்பட்டது.
பியூலர், கையில் அகப்பை.
தன் பேரில் விரலை ஊன்றினார்.
பூலர் என்று சுட்டிருக்கிறேன்.
தலைக்கு மேல் இரண்டு புள்ளி இல்லை.

வாருங்கள், சூடாக நாலு நிமிடம் ஆகும்.

எங்கள் எழுத்தில் ஒரு புள்ளி வைத்தால்
உயிர் போய் மெய் மட்டும் நிற்கும்;
உங்களுக்கு இரண்டு வைத்தால்
வாய் குவியும்.
இதைச் சொல்ல என்னிடம் ஜெர்மன் இல்லை.
வாயைக் குவித்துக் காட்டினேன்.
அவரும் குவித்தார்.
இல்லாத அடுப்பை ஊதும் இருவர் போல
சமையலறையில் நின்றோம்.

தொடு. எடு.
முதல் புள்ளி கடுகு.
இரண்டாவதில் அவர் தும்மினார்,
அது மிளகாகிவிட்டது.
அகப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.
"யோ," என்றார்.
இந்த ஊரில் அது ஒரு முழுப் பாராட்டு
என்று வைத்துக்கொண்டேன்.

என் பேருக்கு மிஞ்சினது ஒரு விரல் அகலம்.
மங்களகௌரி அதற்குள் அடங்க மாட்டாள்.
வியாழன் என்று மட்டும் சுட்டேன்.
ழகரம் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை.

இப்போது புதன் இரவுகளில்
என் கதவுப்பிடியில் ஒரு அகப்பை தொங்குகிறது,
சவர்க்கார வாசமும்
கொஞ்சம் கருகலுமாக.

பெட்டிக்குள் இன்னும் மூன்று முனை இருக்கின்றன.
அந்த வளைந்தது எதற்கென்று
இன்னும் தெரியவில்லை.