முதலில் உறையும் இடம்

வார்டோவில் நவம்பர் கடைசியில்
சூரியன் இரண்டு மாதத்துக்கு விடைபெற்றுப் போகும்.
அதற்கு முந்தைய நாள் கடைக்கு வந்தார் ஐலெர்ட்.
கம்பளிச் சட்டைக்குள் கைவைத்துச் சொன்னார்:
"வாளியில் போட்ட மீன்.
சாகவும் மாட்டேன் என்கிறது,
அடங்கவும் மாட்டேன் என்கிறது."

சீட்டு அவருக்கு முன்பே என் கணினிக்கு வந்திருந்தது.
ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.
ரத்தம் உறையாதிருக்க மாத்திரை,
காலை ஒன்று, இரவு ஒன்று.
காகிதப் பையில் போட்டு, பெயர் ஒட்டி, நீட்டினேன்.
வாங்கவில்லை.
பத்து விரலையும் கவுண்டரில் விரித்தார்.
எண்ணிப் பார், என்றார்.

புதிய வெட்டு நான்கு.
பழையவற்றை எண்ணி மாளாது.
முப்பத்தெட்டு வருஷமாகக் காட் மீனின்
முதுகெலும்பைத் தேடிப் போகிற கத்தி,
அவ்வப்போது வழிதவறும்.
"ரத்தம் நின்றால்தான் எனக்கு வேலை.
நிற்காதே என்று அதற்கு மருந்து கொடுப்பேனா?"

ஆர்ன்ஃபின் கதையையும் சொன்னார்.
அதே மாதிரி மருந்து தின்றவன்,
மூக்கில் தொடங்கியது விடியும்வரை நிற்கவில்லை,
சமையலறைத் துண்டுகள் ஏழும் சிவந்தன.
பொய்யில்லை.
அந்த இரவு தொலைபேசியின் மறுமுனையில்
இருந்தவளே நான்தான்.

என் பங்குக்கு நானும் சொன்னேன்.
இதயத்தின் இடது மேலறையில்
காதுமடல் போல ஒரு சின்னப் பை.
அறை அழுத்தாமல் வெறுமே நடுங்கினால்
ரத்தம் அங்கே தங்கும், தங்கினால் தடிக்கும்,
தடித்தது ஒரு நாள் கழன்று மூளைக்கு ஏறும்.
மற்றவர்களைவிட ஐந்து மடங்கு, என்றேன்.
பள்ளியில் பாடம் ஒப்பிக்கிற குரல்
எனக்கே கேட்டது.
தலையாட்டினார்.
பிளாஸ்திரி ஒரு பெட்டி வாங்கிப் போனார்.

பை அலமாரியிலேயே இருந்தது.
வாராவாரம் பிளாஸ்திரிக்கு வந்தார்.
நான் அலமாரியைப் பார்ப்பேன்.
அவர் வானிலை பேசுவார்.

பிப்ரவரியில் ஒரு நாள், தானாகவே:
"பழைய படகுத்துறைக்குப் பின்னால்
ஓடை வந்து விழுகிற மூலை தெரியுமல்லவா?
இங்கே கடல் உறையாது. அந்த மூலை மட்டும் உறையும்.
தண்ணீர் அங்கே சும்மா நிற்கிறது, அதனால்.
பிறகு ஒரு காற்றுக்கு உடைந்து, மிதந்து போய்,
எவன் படகின் விசிறியிலாவது மாட்டும்."

அப்போது பேசியிருக்கலாம்.
வாயில் வந்தும் விட்டது.
வரிசையில் மூன்று பேர்.
எழுபத்தொன்பது குரோனர், என்றேன்.

மூன்று மாதம் யாரும் வாங்காத மருந்தை
எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் கடை விதி.
பெயரைக் கிழித்தேன்.
பாதிப் பெயர் பையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

மார்ச். ஆலையில் காலை ஷிஃப்ட்.
மீன்கள் ரப்பர் பட்டையில் வந்துகொண்டே இருந்தன.
வலக்கையிலிருந்து கத்தி நழுவியதை
பக்கத்து மேசை டைவா பார்த்தாள்.
லிதுவேனியாக்காரி, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.
கோணிய வாயைப் பார்த்தவள்
அடுத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்:
ஆறு பதினேழு.
அதைத்தான் கிர்கெனெஸ் போகும் ஹெலிகாப்டர்வரை
கத்திக்கொண்டே ஓடினாளாம்.
ஆறு பதினேழு, ஆறு பதினேழு.

மேசையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ஜூனில் இங்கே இரவென்று ஒன்று கிடையாது.
ஐலெர்ட் வந்தார், பின்னால் சோல்ஃப்ரிட்.
வலக்கை கோட்டுப் பைக்குள்.
அலமாரியைக் காட்டி, நெடுநேரம் தேடி,
ஒரு சொல்லைப் பிடித்து வெளியே இழுத்தார்:
"பனிக்கட்டி."

சோல்ஃப்ரிட் திருத்த வாயெடுத்தாள்.
இடக்கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.
மறுபடி தேடினார்.
மறுபடியும் அதுவே வந்தது.
"பனிக்கட்டி."

புதிய பை. புதிய பெயர்ச்சீட்டு. காலை ஒன்று, இரவு ஒன்று.
எடுத்துக் கொடுத்தேன்.
பழக்க தோஷம், பிளாஸ்திரிப் பெட்டியையும்
பக்கத்தில் வைத்துவிட்டேன்.
அவர் அதை மெல்ல
என் பக்கமே தள்ளினார்,
ஒரு வெட்டும் இல்லாத கையால்.