நூற்றுப் பதினெட்டாவது கட்டைவிரல்

பினோத்தேபா பள்ளிக்கூடத்தில் இடைத்தேர்தல்.
மைப்புட்டி என் பொறுப்பு.
பூசும்போது வெறும் தண்ணீர்தான்.
ஆள் வாசல் தாண்டுவதற்குள்
பழுப்பேறிவிடும்.

எலெயுத்தேரியோவுக்கு முன்னால்
அவருடைய வாடை உள்ளே வந்தது:
பூண்டு, அழுகல் மீன்.
நீட்டிய கையில்
கட்டைவிரல் நகக்கண்வரை ஊதா.

"போட்டாச்சு போலிருக்கே"
என்றார் கட்சி முகவர் ஃபிடென்சியோ
மூக்கைப் பொத்தியபடி.

"இல்லை. இது நத்தை."

வரிசை சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை.
"விடியற்காலைதான் லாரியில் வந்திறங்கினேன்.
அலை பின்வாங்கும் சமயம்
பாறையிலிருந்து பெயர்த்து
வாயருகே வைத்து ஊதினால் பால் பீச்சும்.
நூலில் பட்டதும் மஞ்சள். அப்புறம் பச்சை.
வெயில் பட்டால்தான் இது.
நூலுக்கு ஏறுவது விரலுக்கும் ஏறும்.
எலுமிச்சைக்கும் அசையாது."

விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினேன்.
கட்டைவிரல் இல்லாதவருக்கு ஒரு பத்தி இருந்தது.
நத்தைக்கு இல்லை.

"யார் வேண்டுமானாலும் கதை சொல்லலாம்"
என்றார் ஃபிடென்சியோ.

எலெயுத்தேரியோ பையைத் திறந்து
கறுப்புத் துணிச் சுருளைப் பிரித்தார்.
உள்ளே ஒரு சிட்டம்,
நேற்று மேகம் மூடியதால்
பாதி வழியில் நின்றுபோனது,
குளத்துப் பாசியின் பச்சையில்.
பள்ளிக்கூட வேலியில் அதைத் தொங்கவிட்டார்.

வரிசை கலைந்து வேலியோரம் நின்றது.
குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள்
அதன் முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பினாள்.
வெளிப்பக்கத்து இழைகள் முதலில்.
பச்சைக்குள் எங்கோ ஒரு நீலம்
தயங்கி,
பின் தயங்காமல்.
ஃபிடென்சியோ பொத்திய கையை எப்போது எடுத்தாரோ தெரியாது.
ஏழு நிமிடம் யாரும் ஓட்டுப் போடவில்லை.
குறிப்பேட்டில் நான் அதை எழுதவில்லை.

ஊதாவின்மேல் என் மை
ஏறியதா என்று எனக்கே தெரியவில்லை.
இடது விரலிலும் ஒரு சொட்டு வைத்தேன்.
அது பழுப்பாவதை
முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்,
சக தொழிலாளியின் கைவேலையைப் பார்ப்பதுபோல.

"இதை எதிலிருந்து எடுக்கிறார்கள்?"
"தெரியாது. பெட்டியில் வருகிறது."

சீட்டை மடித்துப் போட்டார்.
வேலியில் கிடந்த சிட்டத்தைத்
தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர்
திரும்பி வந்து கேட்டார்:

"எடுத்த பிறகு
பாறையில் திரும்ப விடுகிறார்களாமா, அதை?"

நூற்றுப் பத்தொன்பதாவது ஆள்
ஏற்கெனவே கையை நீட்டியிருந்தாள்.