சேர்க்கை நாள்

ஏப்ரல் மூன்றாம் வியாழன்.
மழலையர் வகுப்புச் சேர்க்கை
காலை எட்டு முதல் மாலை நான்கு வரை,
உடற்பயிற்சிக் கூடத்தில்,
கிழக்கு வாசல் வழியாக.
மேற்கு வாசல் கதவை
ஜனவரிக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது.
புதுக் கதவுக்கான தீர்மானம்
வாரியத்தின் மேஜையில் குளிர்காய்கிறது.

கொண்டுவர வேண்டியவை:
பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை,
இந்த மாவட்டத்தில்தான் குடியிருக்கிறீர்கள் என்பதற்கு
ஏதாவது ஒரு காகிதம்.
குழந்தையையும் கூட்டி வாருங்கள்.
போன வருடம் அதைப் போடாமல் விட்டுவிட்டேன்;
மூன்று பேர் காகிதங்களோடு மட்டும் வந்து நின்றார்கள்.

இருபத்திரண்டு வருடமாக
இதைத் தட்டச்சு செய்கிறவள் நான், வெர்லீன் சபாட்கா.
முதல் வருடம் அறுபத்து நான்கு பெயர்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பான கணக்கு
ஒரே பேரேட்டில் இருக்கிறது,
இன்னும் பாதிப் பக்கங்கள் வெள்ளை.

பதினெட்டுக்குக் குறைந்தால்
இரண்டாவது ஆசிரியை கிடையாது.
வாரியக் கூட்டம் திங்கள் இரவு ஏழு மணி,
பேச விரும்புவோருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.
இசைக்கருவி வாடகை செவ்வாய் மாலை:
நான்கு டிரம்பெட் மிச்சம், ஒன்றில் நெளிசல்.
பேருந்துப் பதிவு மே பத்தோடு சரி.
ஆற்றுக்கு அப்பால் இருப்பவர்கள்
பாலம் எப்போது திறக்கும் என்று
என்னைக் கேட்க வேண்டாம்.

மூன்றே முக்கால். பதினேழு பெயர்.
நர்ஸ் டோரீன் கண் பரிசோதனை அட்டையைச் சுருட்டுகிறாள்.
அப்போது உள்ளே வந்தாள் ஒருத்தி,
இறைச்சி ஆலையின் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு,
ஈரத்தடம் கூடைப்பந்து வட்டத்தைக் குறுக்காக வெட்ட,
கையில் ஒரு பெண் குழந்தை, பெயர் யுலாலியா.

வீட்டில் பேசும் மொழி?
ஸ்பானிஷ் கட்டத்தில் விரல் வைத்தேன்.
தலையை ஆட்டினாள். இல்லை.
கன்ஹோபால், என்றாள்,
தொண்டைக்குள் ஒரு சுள்ளி முறிந்தது.
மூன்று முறை சொல்ல வைத்தேன்.
நான் எழுதியதைப் பார்த்தாள்,
போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

விலாசத்துக்கு மோட்டல் ரசீது.
அறை ஒன்பது, இந்த வாரம் வரை கட்டியாயிற்று.
டோரீன் புருவத்தை உயர்த்தினாள்.
இரவு எங்கே தலை சாய்கிறதோ அது விலாசம், டோரீன்,
முத்திரை என் கையில் இருக்கிறது.

கடைசிக் கேள்வி:
குழந்தையைப் பற்றி ஆசிரியை அறிய வேண்டியது?
அம்மா சொல்ல, மகள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்
தன்னைப் பற்றித் தானே சொன்னாள்:
பசித்தால் சொல்ல மாட்டாள். கேட்க வேண்டும்.

பதினெட்டு என்று எழுதி
அடியில் கோடு போட்டேன். இரண்டு கோடு.

நான்கு மணிக்கு நான்கு நிமிடம்.
தொலைபேசியில் திருமதி க்ராடோக்வில்:
நிலம் விலைபோய்விட்டது, ஜூனில் ஒமாஹா போகிறோம்,
வெஸ்லி பெயரை எடுத்துவிடுங்கள்.
பின்னால் யாரோ பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம்.
எடுத்துவிடுகிறேன், என்றேன்.
வேறென்ன சொல்ல?

ஆறு நிமிடம்
நாங்கள் பதினெட்டாக இருந்தோம்.

கூடத்தின் ஓரத்தில்
காலையில் பெயர் ஒட்டிய கோட்டுக் கொக்கிகள்.
யாரும் சொல்லாமலே யுலாலியா
ஐந்தாவது கொக்கியில் தன் கோட்டை மாட்டியிருந்தாள்.
வெஸ்லியுடையது.
நகத்தால் உரித்தேன்,
வெஸ் வந்துவிட்டது,
லி வரவில்லை.
அதன் மேலேயே புதுச் சீட்டை ஒட்டினேன்.
இவள் பெயரிலும் ஒரு லி இருக்கிறது, என்ன இப்போது.

எல்லோரும் போன பிறகு
கணினியைத் திரும்பத் திறந்து அடித்தேன்:

திருத்தம்.
மழலையர் வகுப்புச் சேர்க்கை
திங்கள் இரவு ஆறு ஐம்பது வரை நீட்டிக்கப்படுகிறது.
கிழக்கு வாசல்.

யாரைக் கேட்டு என்று வாரியம் கேட்டால்
எழுத்துப்பிழை என்பேன்.